விளக்கத் தொடருக்குக் காற்புள்ளி எப்போது? கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி வாசகர்களின் கேள்விகளுக்கு ஆங்கில இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் பதிலளிக்கிறார். ஆங்கில எடுத்துக்காட்டுகள் தமிழ் எழுத்திலேயே தரப்பட்டுள்ளன.

கேள்வி: ஐயா, ஓர் அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தில் "மை சன் ஹூ லிவ்ஸ் இன் பாரிஸ் வில் சைன் தி பேப்பர்ஸ்" என்று எழுதினேன். இரண்டு இடங்களில் கமா விட்டுப்போயிற்று என்கிறாள் என் பேத்தி. அவள் சொல்வது சரியா? (ஓய்வுபெற்ற ஊழியர், லாஸ்பேட்டை)

பதில்: உங்களுக்கு மகன் ஒருவர்தான் என்றால் பேத்தி சொல்வதே சரி. "மை சன்" என்றவுடனேயே யாரென்று தெரிந்துவிடுவதால், பாரிசில் வசிக்கிறார் என்பது கூடுதல் செய்தியாகிறது; ஆகவே "மை சன், ஹூ லிவ்ஸ் இன் பாரிஸ், வில் சைன் தி பேப்பர்ஸ்" என இருபுறமும் காற்புள்ளி வேண்டும். பாரிசில் ஒருவரும் லாஸ்பேட்டையில் ஒருவருமாக இரண்டு மகன்கள் இருந்தால், கையெழுத்திடப்போவது எந்த மகன் என்பதை அந்தத் தொடர்தான் பிரித்துக் காட்டுகிறது. அப்போது காற்புள்ளி வரவே கூடாது.

நம்மவர்கள் இங்கே தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. தமிழில் "பாரிசில் வசிக்கும் என் மகன்" என்று எழுதும்போது பெயரெச்சம் பெயருக்கு முன்னே வந்துவிடுகிறது. மகன் ஒருவரா இருவரா என்பதை வாசிப்பவர் சூழலிலிருந்து அறிந்துகொள்கிறார். அதற்கென ஒரு குறியீடு நமக்குத் தேவைப்படுவதில்லை. ஆங்கிலத்தில் அந்த வேறுபாட்டைக் காற்புள்ளிதான் காட்டுகிறது. ஐயம் வந்தால் அந்தத் தொடரை விரலால் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள்: யாரைப் பற்றிய பேச்சு என்பது அப்போதும் தெளிவாக இருந்தால் காற்புள்ளி இடுங்கள்.

கேள்வி: ஊர்ப்பெயருக்குப் பின் எப்போதும் கமா உண்டா? (கல்லூரி மாணவி, கடலூர்)

பதில்: விளக்கத் தொடர் வந்தால் பெரும்பாலும் உண்டு, ஊரின் பெயரே அதைத் தனித்துக் காட்டிவிடுகிறது அல்லவா? "கடலூர், விச் லைஸ் சவுத் ஆஃப் புதுச்சேரி, ஹேஸ் எ போர்ட்." இதில் முதற்குறியை இட்டுவிட்டு இரண்டாவதை மறப்பதுதான் நான் திருத்தும் தாள்களில் மிகுதியாகக் காணும் பிழை. "தட்" என்று தொடங்கும் தொடர் பிரித்துக் காட்டவே வருவதால் அதற்கு முன் காற்புள்ளி இடாதீர்கள்.

கேள்வி: பாரதியைப் பற்றிய கட்டுரையில் அவர் பெயருக்குப் பின் கமா இட்டதை ஓர் ஆசிரியர் சரி என்றார், மற்றொருவர் அடித்துவிட்டார். யாரை நம்புவது? (பள்ளி மாணவர், முத்தியால்பேட்டை)

பதில்: நீங்கள் எழுதிய சொல்வரிசையைப் பொறுத்து இருவருமே சரியாக இருக்கலாம். "சுப்ரமணிய பாரதி, தி தமிழ் போயட், லிவ்ட் இன் புதுச்சேரி ஃப்ரம் 1908 டு 1918" என்பதில் பெயர் முன்னே வந்துவிட்டதால் "தி தமிழ் போயட்" என்பது வெறும் விளக்கம், காற்புள்ளிகள் வேண்டும். "தி தமிழ் போயட் சுப்ரமணிய பாரதி லிவ்ட் இன் புதுச்சேரி" என்று மாற்றினால், தமிழ்க் கவிஞர்கள் பலருள் எவர் என்பதைப் பெயர்தான் சொல்கிறது. அங்கே குறி கிடையாது.

கேள்வி: "வாக்கிங் ஆன் தி பீச், தி லைட்ஹவுஸ் லுக்ட் பியூட்டிஃபுல்." கமா சரியாகத்தானே இருக்கிறது? (சுற்றுலா வழிகாட்டி, புதுச்சேரி)

பதில்: காற்புள்ளி சரி, வாக்கியம்தான் தவறு. முன்னே வரும் இத்தகைய தொடர், காற்புள்ளியை அடுத்து வரும் எழுவாயைப் பற்றிக்கொள்ளும் என்பதால், கலங்கரை விளக்கமே கடற்கரையில் நடந்ததாகப் பொருள்படுகிறது. "கடற்கரையில் நடந்தபோது கலங்கரை விளக்கம் அழகாகத் தெரிந்தது" என்பது தமிழில் குறையற்ற வாக்கியம். அதை அப்படியே பெயர்த்ததால் வந்த வினை இது. "வாக்கிங் ஆன் தி பீச், வீ சா தி லைட்ஹவுஸ்" என்று நடந்தவர்களை எழுவாயாக்கிவிடுங்கள்.

கேள்வி: இரண்டு பெயரடைகளுக்கு நடுவில்? (தட்டச்சாளர், நெல்லிக்குப்பம்)

பதில்: இடையில் "அண்ட்" சேர்த்தாலும், வரிசையை மாற்றினாலும் இயல்பாக இருந்தால் காற்புள்ளி இடுங்கள்: "எ லாங், டயரிங் ஜர்னி." "எ லிட்டில் ரெட் கார்" என்பதை "எ ரெட் லிட்டில் கார்" என்று யாரும் சொல்வதில்லை; அங்கே வேண்டாம்.