ஆதார் கார்டுக்குள் ஐந்நூறு ரூபாய்

கேள்வி: எங்கள் ஊர் கோவில்பட்டி. வரும் ஆவணியில் அப்பா அம்மாவுக்கு நாற்பதாவது கல்யாண நாள். கல்யாணமான புதிதில் இருவரும் மதுரையில் ஒரு லாட்ஜில் தங்கினார்களாம். ஜன்னலைத் திறந்தால் கோபுரம் தெரிந்தது என்று அப்பா இன்னும் சொல்லிக்கொண்டே இருப்பார். அதனால் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாளைக்கு இரண்டு ரூம் ஆப்பில் புக் செய்துவிட்டோம். சாதா ஏசி ரூம்தான். கோபுரம் தெரியும் ரூமுக்கு நாளுக்கு 900 ரூபாய் கூடுதல். என் கணவர் ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, ஆதார் கார்டோடு 500 ரூபாயை மடித்து ரிசப்ஷனில் நீட்டினால் அவர்களே நல்ல ரூமாகப் போட்டுக் கொடுப்பார்கள் என்கிறார். போன வருஷம் வேறொரு ஊரில் 200 ரூபாய் கொடுத்தும் லிஃப்டுக்குப் பக்கத்து ரூம்தான் கிடைத்தது. கேட்டால், "கொடுத்தது பத்தல" என்கிறார். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இது லஞ்சம் இல்லையா? கொடுத்தால் நடக்குமா? எவ்வளவு கொடுப்பது? அப்பாவுக்கு முட்டி வலி வேறு.
– ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்:

சகோதரி, முதலில் அந்த வீடியோ. அது எந்த ஊர்ச் சரக்கு என்று ஊகிக்க முடிகிறது. அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் என்ற சூதாட்ட நகரத்தில் ரொம்ப நாளாகப் புழங்கும் வித்தை அது. அடையாள அட்டைக்கும் கிரெடிட் கார்டுக்கும் நடுவில் 20 டாலர் நோட்டை மடித்துச் சொருகி, "நல்ல ரூம் ஏதாவது காலியா இருக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அங்கே எம்ஜிஎம் கிராண்ட் என்ற ஒரே ஹோட்டலில் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேல் ரூம். வார நாளில் பெரிய பெரிய சூட் ரூமெல்லாம் சும்மா கிடக்கும். கவுன்ட்டரில் நிற்பவர் தன் பொறுப்பில் ஒன்றைத் தூக்கிக் கொடுத்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. போதாததற்கு, தொட்டதற்கெல்லாம் டிப்ஸ் கொடுக்கும் தேசம். அங்கேயே சில சமயம் பலிக்கும், சில சமயம் நோட்டு மட்டும் போகும்.

நீங்கள் புக் செய்திருக்கும் வீதியில் ஒரு ஹோட்டலுக்கு நாற்பது ரூம், மிஞ்சினால் நூறு. அதில் கோபுரம் தெரிவது எத்தனை? கோயிலைச் சுற்றிக் கட்டட உயரத்துக்குக் கட்டுப்பாடு இருப்பதால் யாரும் இஷ்டத்துக்கு மாடி எழுப்ப முடியாது. மேல் மாடியில், கிழக்குப் பக்கம் பார்த்த நாலைந்து ரூம் தேறினால் அதிகம். அந்த நாலைந்தும் யாருக்கு என்பது நீங்கள் பஸ் ஏறும்போதே முடிவாகியிருக்கும். கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்பார்கள். அந்தக் கோடியில் 900 ரூபாயை ஹோட்டல்காரர் வாங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான்.

என் பெரியப்பா டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் இருபது வருஷத்துக்கு மேல் மேனேஜராக இருந்தார். கல்லூரி லீவில் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ரிஜிஸ்டர் எழுதுவேன். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு மரப்பலகை. வரிசையாக ஆணி, ஆணிக்கு ஒரு சாவி, சாவிக்கு நம்பர் போட்ட ஒரு பித்தளை வில்லை. ஃபேன் ஓடாத ரூம், குழாய் ஒழுகும் ரூம் சாவியெல்லாம் நம்பர் சுவரைப் பார்த்தபடி திரும்பித் தொங்கும். காலை பத்து மணி வாக்கில் காபி டம்ளரோடு அந்தப் பலகை முன்னால் நிற்பார். இன்று யார் காலி செய்கிறார்கள், யார் வருகிறார்கள், வருகிறவர்களில் வயதானவர் யார், வருஷா வருஷம் வருகிற குடும்பம் எது என்று ஒரு சீட்டில் கிறுக்கிக்கொண்டே சாவிகளை இந்த ஆணியிலிருந்து அந்த ஆணிக்கு மாற்றுவார். பத்தரைக்கு வேலை முடிந்துவிடும். சாயங்காலம் வந்து சேருகிறவர் அவரிடம் என்ன பேசினாலும், பதில் ஏற்கனவே ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் ஒருவர் டிரைவிங் லைசென்ஸை நீட்டினார். பெரியப்பா அதை விரித்தார், உள்ளே எட்டாக மடித்த ஒரு நூறு ரூபாய். நோட்டை எடுத்து, நீவி, நேராக்கி, "சார், ரூபாயை உள்ளேயே விட்டுட்டீங்க, பத்திரமா வைங்க" என்று திருப்பிக் கொடுத்தார். அந்த மனிதருக்குப் பின்னால் அவர் மனைவியும் மாமியாரும் பெட்டியோடு நிற்கிறார்கள். "ஆமாமா, கவனிக்கல" என்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் பாவம். பெரியப்பாவுக்கு நிஜமாகவே புரியவில்லையா, புரிந்துதான் அப்படிச் செய்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. வில்லை திரும்பித் தொங்கிய சாவி அவருக்குப் போகவில்லை. அந்த மட்டுக்கும் அவருக்கு நல்ல நேரம்.

இன்று மரப்பலகை போய்க் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, ஆனால் முறை அதேதான். காலையில் அன்றைய வருகைப் பட்டியலைப் பார்த்து ரூமை ஒதுக்கிவிடுகிறார்கள். ஆப்பில் புக் செய்தால் ரூம் வகை, வாடகை எல்லாம் வவுச்சரில் அச்சாகி வந்துவிடும். அதை மாற்ற ரிசப்ஷனில் நிற்கும் பையனுக்கு மேனேஜரின் தலையசைப்பு வேண்டும். தலைக்கு மேலே கேமரா வேறு. உங்கள் 500 ரூபாயை வாங்கினால் அவன் வேலைக்கு உலை, வாங்காவிட்டால் உங்கள் கணவர் முகம் வாடும். நடுவில் அவன் மாட்டிக்கொள்ள வேண்டுமா?

சும்மாவே பெரிய ரூம் கிடைப்பதும் உண்டு. அது தாராள மனசு அல்ல, நெருக்கடி. பத்து சாதா ரூம் இருக்க, யாராவது கடைசி நேரத்தில் கேன்சல் செய்வார்கள் என்று பன்னிரண்டு புக்கிங் வாங்கியிருப்பார்கள். யாரும் கேன்சல் செய்யவில்லை என்றால் இரண்டு பேரை மேல் வகைக்கு ஏற்றியாக வேண்டும். அப்போது கண்ணில் படுவது பழைய வாடிக்கையாளர், ஆப் கமிஷன் இல்லாமல் நேரடியாக புக் செய்தவர், ஒரே இரவு தங்குகிறவர். நீங்கள் ஆப்பில், இரண்டு ரூம், இரண்டு நாள். வரிசையில் கொஞ்சம் பின்னால்தான் இருக்கிறீர்கள்.

லஞ்சமா என்று கேட்டிருந்தீர்கள். தனியார் ஹோட்டலில் பெரும்பாலும் போலீஸ் கேஸ் ஆகாது. ஆனால் அந்த 900 ரூபாய் முதலாளியுடையது. அதை 500-க்குக் கேட்டு, 500-ஐயும் முதலாளிக்குத் தெரியாமல் வேலைக்காரரிடம் கொடுப்பதற்கு டிப்ஸ் என்று பெயர் வைத்தால் டிப்ஸ் கோபித்துக்கொள்ளும். அரசு நடத்தும் விடுதிகளில் இந்த வித்தையை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். அழகர்கோவில் சாலையில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடு இருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களில் ஊழியருக்கு ரகசியமாகப் பணம் நீட்டுவது ஊழல் தடுப்புச் சட்டம் வரை இழுக்கலாம். 2018-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து வாங்குகிறவரைப் போலவே கொடுக்கிறவருக்கும் ஏழு வருஷம் வரை சிறை உண்டு.

போன வருஷத்து 200 ரூபாயைப் பற்றி உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. அந்த லிஃப்டுப் பக்கத்து ரூம், கொடுக்காமல் இருந்தாலும் அவருக்குக் கிடைத்திருக்கும். வாங்கியவர் "நல்ல ரூம் சார்" என்று சொல்லியிருப்பார், நாமும் நம்பியிருப்போம். தொகை பத்தவில்லை என்று அடுத்த தடவை ஏற்றிக்கொண்டே போவதற்கு முடிவே இல்லை.

சரி, அப்பாவுக்குக் கோபுரம் தெரிய வேண்டும். அதற்கு வழி சொல்கிறேன்.

வீட்டில் தினசரி காலண்டர் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். கல்யாண நாள் ஆவணியில் என்கிறீர்கள். ஆடி முழுக்கக் கல்யாணம் இல்லாமல் காத்திருந்தவர்கள் எல்லாம் ஆவணியில்தான் மண்டபம் பிடிப்பார்கள். நீங்கள் வரும் நாள் முகூர்த்த நாள் என்றால் மதுரையில் ரூம் கிடைத்ததே பெரிய விஷயம். திருக்கல்யாணமும் அழகர் ஆற்றில் இறங்குவதும் வரும் சித்திரையிலும் அப்படித்தான். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வேன் வேனாக வந்து இறங்குவார்கள். கல்யாண நாளை மாற்ற முடியாது, ஆனால் ஒரு நாள் முன்பின்னாக முகூர்த்தம் இல்லாத வார நாளாகப் பார்த்து வந்தால் உங்கள் கை ஓங்கும்.

அடுத்து, போன். ஆப்புக்கு அல்ல, ஹோட்டலுக்கு. இரண்டு நாள் முன்னால் ஒரு தடவை, வருகிற அன்று காலை ஒன்பதரைக்கு ஒரு தடவை. "நல்ல ரூமா கொடுங்க" என்று கேட்காதீர்கள், எல்லோரும் அதையேதான் கேட்கிறார்கள். இப்படிச் சொல்லுங்கள்: "சார், அப்பா அம்மாவுக்கு நாற்பதாவது கல்யாண நாள். கல்யாணமான புதுசுல இங்கதான் பக்கத்துல தங்கியிருந்தாங்க. அவங்க ரூம்ல இருந்து மட்டும் கோபுரம் தெரிஞ்சா போதும், எங்களுக்கு எதுவானாலும் சரி. அப்பாவுக்கு முட்டி வலி, லிஃப்டுக்குப் பக்கத்துலயே கொடுத்தாலும் நல்லது." உங்கள் கணவர் போன வருஷம் குறைபட்ட லிஃப்டுப் பக்கத்து ரூம் இந்த வருஷம் உங்கள் அப்பாவுக்கு வேண்டும், கவனித்தீர்களா? வெஸ்டர்ன் டாய்லெட்டா, குளியலறைக்கு ஏற படி இருக்கிறதா, காலையில் வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்பதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள். அஞ்சு மணி தரிசனத்துக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஆறு மணிக்கு வரும் வெந்நீரால் என்ன பிரயோஜனம்?

அப்புறம், அந்த ஒரு ரூமுக்கு மட்டும் வித்தியாசப் பணத்தைக் கட்டிவிடுவதையும் யோசியுங்கள். இரண்டு நாளைக்கு 1,800 ரூபாய். நாற்பது வருஷத்துக்கு ஒரு தடவை செய்கிற செலவு. வெளிப்படையாகவே பேரம் பேசலாம், இது மதுரை. "இன்னிக்கு அந்த ரூம் காலியா இருந்தா எவ்வளவுக்குப் போட்டுத் தருவீங்க? பில்லிலேயே போட்டுடுங்க." மாலை ஏழு மணிக்கு மேல் காலியாகக் கிடக்கும் ரூமுக்கும், ராத்திரி கூடையில் மிஞ்சிய மல்லிகைக்கும் வித்தியாசம் கிடையாது. விடிந்தால் காசு பெறாது என்பது விற்கிறவருக்குத் தெரியும். ஆனால் முகூர்த்த நாளில் இந்த விளையாட்டு வேண்டாம்.

பெரிய ஹோட்டல்களில் தங்குகிற வாசகர்களுக்கு இதோடு ஒரு கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. ரூம் 7,000 என்றால் வரியோடு 7,350. "இன்னும் ஆயிரம்தான் சார், பெரிய ரூம்" என்பார்கள். அப்போது 8,000, வரியோடு 9,440. ஆயிரம் என்று சொன்னது இரண்டாயிரத்துத் தொண்ணூறாகிவிடும். உங்கள் ரூம் அந்த எல்லைக்குப் பக்கத்தில் இல்லை, நீங்கள் பயப்பட வேண்டாம்.

அந்த 500 ரூபாயை என்ன செய்வது என்றால், பத்தும் ஐம்பதுமாகச் சில்லறை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியை மாடிக்குத் தூக்கி வருகிற பையன், பிளாஸ்க்கில் டீ வாங்கி வருகிற ரூம் பாய், பெட்ஷீட் மாற்றுகிற அம்மா. இவர்களுக்குக் கையில் கொடுங்கள். பெட்ஷீட் மாற்றுகிறவர் நாளைக்கு வேறு ஆளாக இருக்கலாம், அதனால் கடைசி நாள் மொத்தமாகக் கொடுக்கலாம் என்று வைக்காமல் அன்றன்றைக்குக் கொடுத்துவிடுவது நல்லது. ரிசப்ஷன்காரருக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால், ஊர் கோவில்பட்டிதானே, இரண்டு பாக்கெட் கடலைமிட்டாய் வாங்கி வந்து ரூமைக் காலி செய்யும்போது மேஜை மேல் வையுங்கள். வந்ததும் வைத்தால் அதுவும் ஆதார் கார்டுக் கதைதான்.

இத்தனைக்குப் பிறகும் கோபுர ரூம் கிடைக்கவில்லை என்றால் ரிசப்ஷனில் மொட்டை மாடியைப் பற்றிக் கேளுங்கள். அந்த வீதியில் பல ஹோட்டல்களில் மாடியில் ரெஸ்டாரன்ட் உண்டு. கோயிலுக்கு மேற்கே இருப்பதால் மேலக்கோபுரம் முன்னால் நிற்கும், வலது கைப்பக்கம் எல்லாவற்றிலும் உயரமான தெற்குக் கோபுரம். காலை ஆறு மணிக்கு, ரெஸ்டாரன்ட் திறப்பதற்கு முன்னால், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இரண்டு நாற்காலி போட்டுத் தரச் சொன்னால் பெரும்பாலும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். லிஃப்ட் எதுவரை போகும், அதற்கு மேல் எத்தனை படி என்பதை மட்டும் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.