பாட்டு எங்கே முடியும்? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். ஏ.எல். முடித்த நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பேண்ட் தொடங்கியிருக்கிறோம். தொடங்கி 4 மாதம் ஆகிறது. இரண்டு கிற்றார், ஒரு பேஸ், ட்ரம்ஸ். கிற்றார்காரரில் ஒருவன்தான் பாடகனும். டிசம்பரில் எங்கள் பட்ச்சின் ஒன்றுகூடலில் 25 நிமிடம் தந்திருக்கிறார்கள். இன்னும் 8 கிழமைதான் இருக்கிறது.

நான் தனியே இருந்து கேட்பது பிங்க் ஃபுளொய்ட் மாதிரி ஆழமான இசை. ஆனால் கூட்டத்துக்காகக் கொஞ்சம் இறங்கி வரத்தான் வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் "பைலா போடு" என்று கத்துவார்கள். வாசிக்கச் சுகமான, எல்லோரும் சேர்ந்து பாடக்கூடிய ஆறு றொக் பாட்டுகள் சொல்வீர்களா? இளமையில் நீங்களும் கிற்றார் வாசித்ததாக எழுதியிருந்தீர்கள். அந்தத் துணிவில்தான் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலை பம்பலப்பிட்டியில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். தாலி கட்டும் நேரம். எல்லோரும் மணவறையை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, நான் தவில்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய கண் தவிலில் இல்லை, நாதஸ்வரக்காரரிலும் இல்லை. ஐயருடைய வலது கையில் இருந்தது. கை உயர்ந்தது, கெட்டிமேளம் வெடித்தது. மூன்று முடிச்சும் விழுந்து கை இறங்கியதும் ஒரே அடியில் எல்லாம் நின்றது. அதற்குப் பிறகு ஹோலில் கேட்டது மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். எவ்வளவு சுத்தமாக நிறுத்துகிறார்கள் என்று யோசித்தபடியே வீட்டுக்கு வந்து உங்கள் கடிதத்தைத் திறந்தேன்.

அந்த நிறுத்தலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் ஏச்சு.

"கூட்டத்துக்காக இறங்கி வர வேண்டியிருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கேயிருந்து இறங்குகிறீர்கள் தம்பி? பிங்க் ஃபுளொய்டைக் கேட்கிறவர் பிங்க் ஃபுளொய்ட் ஆகிவிடுவதில்லை. விரல் நுனியில் காய்ப்புக்கூட இன்னும் சரியாக இறுகியிருக்காது. அந்த ஹோலில் இருக்கப்போகிறவர்கள் உங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்த பிள்ளைகள். ஒரு பின்னேரத்தை உங்களை நம்பித் தருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்ததை வாசிப்பது கீழே இறங்குவதென்றால் வாசிக்கவே வேண்டாம், வீட்டில் இருந்து ஹெட்போனில் கேளுங்கள்.

பைலாவைப் பற்றி அந்தத் தொனியில் இனிமேல் எழுதவும் வேண்டாம். போர்த்துக்கேயர் காலத்து வேர் கொண்ட, எங்கள் நாட்டு ஆட்ட இசை அது. ஆறு எண்ணி இரண்டாக அடிக்கிற அந்தத் துள்ளலை உங்கள் ட்ரம்மர் ஐந்து நிமிடம் வேகம் கூடாமல் குறையாமல் பிடிக்கட்டும், பிறகு கதைப்போம். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யையும் ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யையும் நாலு தலைமுறை எழும்பி ஆடுகிறது. உங்களுக்குத் தெரிந்த எந்த றொக் பாட்டுக்கு அம்மம்மா கதிரையை விட்டு எழும்புவார்?

எனக்கு இதையெல்லாம் படிப்பித்ததே ஒரு பைலாக்காரர்தான்.

1981 டிசம்பர். கொட்டாஞ்சேனையில் ஒரு கல்யாண வரவேற்பு. நாங்களும் உங்களைப் போல நாலு பேர். எங்களுக்குப் பிறகு வாசிக்க அனுபவப்பட்ட பைலாக் கோஷ்டி ஒன்று வந்து காத்திருந்தது. எங்கள் பெரிய பாட்டு 'ப்ரௌட் மேரி', கிரீடன்ஸ் குழுவின் 1969ஆம் ஆண்டுப் பாட்டு. சுகமான கோர்ட்ஸ் (கிற்றாரில் ஒன்றாக மீட்டுகிற சுரக்கூட்டுகள்), எல்லோருக்கும் தெரிந்த கோரஸ். நீங்கள் கேட்கிற இலட்சணம் அத்தனையும் அதற்கு உண்டு. அதை வானொலியில் இருந்து பதிந்த கசெட்டில் கேட்டுப் பழகியிருந்தோம். அந்தக் கசெட்டில் கடைசிக் கோரஸில் சத்தம் குறையத் தொடங்கும்போதே அறிவிப்பாளர் வந்து நேரம் சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு பாட்டு என்ன ஆனது என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

மேடையில்தான் யோசித்தோம். கடைசிக் கோரஸ் வந்தது. நான் பேஸ்காரனைப் பார்த்தேன், அவன் ட்ரம்மரைப் பார்த்தான், ட்ரம்மர் என்னைப் பார்த்தான். சரி, இன்னொரு தரம். அதன் பிறகும் இன்னொரு தரம். ஒருமுறை பேஸ்காரன் துணிந்து நிறுத்திவிட்டான். நான் நிறுத்தவில்லை. அவன் வெட்கப்பட்டுத் திரும்பவும் சேர்ந்துகொண்டான். அடுத்த முறை நான் நிறுத்தினேன், அதைத் தனக்குத் தந்த தனியாவர்த்தனம் என்று நினைத்த ட்ரம்மர் உருட்டத் தொடங்கினான். ஆடிக்கொண்டிருந்த சனம் ஒவ்வொருவராகப் போய் இருந்தது. கடைசியில் பொம்பிளையின் தகப்பனார் மேடையோரம் வந்து, "தம்பிமார், சாப்பாடு குடுக்கலாமோ?" என்று கேட்டார். வாசித்தபடியே ஓமென்று தலையாட்டினேன்.

அப்போதுதான் அந்தப் பைலாக் கோஷ்டியின் ட்ரம்மர் மேடையில் ஏறினார். அறுபது வயதிருக்கும். எங்களுக்கு முன்னால் வந்து, சபைக்கு முதுகு காட்டி நின்று, மூன்று விரலைத் தூக்கிக் காட்டினார். கோரஸின் கடைசி வரி முடிந்ததும் ஒரு விரலை மடக்கினார். அதே வரியைத் திரும்பப் பாடச் சொல்லி வாயசைத்தார். இரண்டாவது விரல். வேகத்தைக் குறை என்று உள்ளங்கையைக் கீழே அழுத்தினார். மூன்றாவது விரலும் மடங்கி முஷ்டியானதும் அதை அப்படியே கீழே இறக்கினார். நின்றுவிட்டது. அன்று இரவு எங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய கைதட்டல் அதற்குத்தான். அது எதற்கு விழுந்த கைதட்டல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிறகு சமையற்கட்டுப் பக்கம் பிளேன்டீயோடு நின்ற என்னிடம் வந்தார். சிங்களமும் தமிழும் கலந்த பேச்சு.

"புத்தே, எவ்வளவு நாள் பழகினது?"

"ரெண்டு மாசம்."

"எங்க இருந்து பழகினது?"

"முதல்ல இருந்து."

"ஒவ்வொரு நாளும் முதல்ல இருந்தா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்கு விளங்க இரண்டு நாள் எடுத்தது. நடுவில் யாராவது பிழைவிடுவான், "சரி, முதல்ல இருந்து" என்போம். அப்படியே முதல் சரணத்தை முந்நூறு தரம் வாசித்திருப்போம். கடைசி வரியை ஒருநாளும் வாசித்ததில்லை.

தம்பி, இங்கேதான் நான் உங்களைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் அறுக்கப்போகிறேன். பழைய இசைத்தட்டுகளில் முக்கால்வாசிப் பாட்டு முடிவதே இல்லை. ஸ்டூடியோவில் ஒருவர் சத்தத்தை மெல்ல மெல்லக் குறைக்கிறார், அவ்வளவுதான். பீட்டில்ஸின் 'ஹே ஜூட்' (1968) 7 நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. அதில் பாதிக்கு மேல் ஒரே பல்லவிதான், அதுவும் தேய்ந்து மறைகிறது. 'ஹோட்டல் கலிபோர்னியா'வும் அப்படித்தான், அந்த இரட்டைக் கிற்றார் வாசித்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போய்விடும். இசைத்தட்டில் அது அழகு. மேடையில் நாலு பேர் ஒருமிக்கச் சத்தத்தைக் குறைத்துப் பாருங்கள், கரண்ட் போகிறதென்று சனம் மெழுகுதிரி தேடும்.

ஆகவே பாட்டைத் தெரிவுசெய்யும்போது கோர்ட்ஸ் எத்தனை என்று எண்ண வேண்டாம். கடைசி 20 வினாடியை மட்டும் போட்டுக் கேளுங்கள். முடிவு இருக்கிறதா? எடுங்கள். இல்லையா? முடிவை நீங்களே செய்யுங்கள். எப்படிச் செய்வது என்று கேட்டால் இணையத்தில் தேடவேண்டாம், கதிரேசன் கோயில் திருவிழாவுக்குப் போய்த் தவிலுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். ஒரு சொற்கட்டை மூன்று தரம் வாசித்து, மூன்றாவது தரம் சரியாக எடுப்பில், அதாவது பாட்டு எடுக்கிற இடத்தில், வந்து விழுவார்கள். அதற்குப் பெயர் தீர்மானம். அந்தப் பைலாக்காரர் தூக்கிக் காட்டிய மூன்று விரலும் அதுதான் என்று எனக்குப் பிடிபட இருபது வருடம் போனது. எங்கள் பாஷையில் முடிவு என்றாலும் தீர்மானம் என்றாலும் முடிப்பதும் அதுதான், யோசித்து முடிவெடுப்பதும் அதுதான். நாங்கள் நாலு பேரும் மேடையில் ஆளையாள் பார்த்துக்கொண்டு நின்றோமே, இரண்டுமே எங்களிடம் இருக்கவில்லை.

முதல் இரண்டு கிழமையும் கடைசி எட்டு பார் (தாளச் சுற்று) மட்டும் பழகுங்கள். எல்லோருடைய கண்ணும் ட்ரம்மரின் வலது கையில் இருக்கட்டும். பிறகு அதற்கு முந்தின எட்டு பார். அப்படியே பின்னுக்குப் போங்கள். முதல் சரணத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அது தானாக வரும், எல்லோருக்கும் வரும்.

பாட்டு கேட்டீர்கள் அல்லவா? 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்'. மூன்று கோர்ட்தான், படிப்படியாக ஏறி ஒரே அடியில் முடியும். பீட்டில்ஸ் அதை 1963 பெப்ரவரி 11இல் பதிந்தார்கள். ஒரே நாளில் பத்துப் பாட்டுப் பதிந்து, கடைசியாக இது. தடிமன் பிடித்திருந்த ஜோன் லெனனின் தொண்டை ஒரு தரத்துக்குத்தான் தாங்கியது. அதனால் நீங்களும் அதைக் கடைசியில் வையுங்கள், முதலில் பாடினால் உங்கள் பாடகன் மிச்சப் பாட்டுக்கு இருக்கமாட்டான். அடுத்தது வைட் ஸ்ட்ரைப்ஸ் குழுவின் 'செவன் நேஷன் ஆர்மி' (2003). அந்தக் குழுவில் பேஸ்காரரே இல்லை, கிற்றாரைப் பெடலால் ஒரு ஸ்தாயி இறக்கி வாசித்தது. உங்கள் பேஸ்காரனுக்கு ஒரு பொழுதில் வந்துவிடும், சனம் சொல்லெதுவும் தெரியாமலே கூடப் பாடும். மூன்றாவது குவீனின் 'வீ வில் றொக் யூ'. கால், கால், கை. ட்ரம்மர் பதறினால் சபையே அவனைத் தூக்கிப் பிடிக்கும். 'ஸ்மோக் ஒன் த வாட்டர்' வேண்டாம். முதல் பன்னிரண்டு சுரத்தைத் தாண்டி அதைப் பழகின பொடியனை நான் இன்னும் காணவில்லை.

பாடகனுக்குச் சுருதி எட்டாவிட்டால் அதை ஒரு கட்டையோ இரண்டு கட்டையோ இறக்கிவிடுங்கள். அம்ப் எவ்வளவு வாட்ஸ் என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள்.

ஆறு கேட்டீர்கள், மூன்றுதான் சொல்லியிருக்கிறேன். இரண்டை உங்கள் பாடகனிடம் விடுங்கள், குளிக்கும்போது வரி தவறாமல் முழுசாகப் பாடுகிற பாட்டு எதுவென்று கேட்டு அதை எடுங்கள். ஆறாவது பைலா. அதில் நான் விட்டுத்தரப்போவதில்லை.

எந்த ஹோல் என்று எழுதவில்லையே. வெள்ளவத்தைப் பக்கம் என்றால் நடந்தே வந்துவிடுவேன். முன்வரிசையில் ஒரு கதிரை, ட்ரம்மருக்குத் தெரிகிற மாதிரி.