ஸ்பீக்கரில் போட்ட அம்மா

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன், வயது 41. மகளோடு இருந்து 'கோகோ' கார்ட்டூன் படம் பார்த்தேன். கடைசியில் விம்மி விம்மி அழுதுவிட்டேன், மகள் பயந்துபோனாள். அம்மா 2006இல் போரால் இடம்பெயர்ந்து, காணி திரும்பக் கிடைத்த பிறகு சம்பூரில் தனியாக இருக்கிறார். போன் எடுத்தால் "எப்ப வாறாய்" என்று ஒரே கேள்வியையே கேட்பார், ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பேன். அது வேறு கதை. ஒரு ஆம்பிளை பொம்மைப் படத்துக்கு இப்படி அழலாமா?

பதில்: தம்பி, அழுகையை விடுங்கள். அந்தப் படத்துக்கு அழுத பெரியவர்களின் கடிதங்கள் எனக்கு நிறைய வந்துவிட்டன. "அது வேறு கதை" என்று தாண்டிப் போனீர்களே, அங்கேதான் நான் நின்றுவிட்டேன்.

வேறு கதையா? நீங்கள் பார்த்த படமே அதுதானே. கோகோ பாட்டி பெற்ற மகளையே பார்த்து நீ யார் என்று கேட்கிறார், அப்பா வருவார் என்கிறார். கொள்ளுப்பேரன் மிகேல் முன்னால் உட்கார்ந்து, பாட்டியின் சின்ன வயதில் அவருடைய அப்பா பாடித் தந்த பாட்டைப் பாடுகிறான், பாட்டியின் விரல் அசைகிறது, பிறகு அவரும் சேர்ந்து பாடி, இத்தனை வருசம் ஒளித்து வைத்திருந்த அப்பாவின் முகத்தை, படத்தில் கிழிந்துபோன அந்தத் துண்டை, லாச்சியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். அந்தப் பிள்ளை வேறு வேலை பார்த்துக்கொண்டா பாடினான்?

உங்கள் அம்மா "எப்ப வாறாய்" என்று மறதியால் கேட்கிறார் என்று நினைக்கிறீர்கள் போல. நீங்கள் போகாததால்தான் கேட்கிறார் என்று ஒரு தடவையாவது தோன்றவில்லையா?

நாளைக்கு அம்மா போய்விட்டால், இராவணன் தாய்க்குக் கடன் செய்த இடம் என்று கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய், ஏழு கிணற்றிலும் அள்ளி முழுகி, அந்தியேட்டிச் சடங்கில் ஒரு குறையும் வைக்க மாட்டீர்கள். எனக்குத் தெரியும், நம் ஊர்ப் பிள்ளைகள் அதில் கெட்டிக்காரர். ஆனால் பிள்ளையின் கடன் சாம்பலில் தொடங்குவதில்லை, தாய்க்குக் காது கேட்கும்போதே தொடங்குகிறது. முன்பென்றால் சம்பூர் போகிற வழியில் கிண்ணியாவில் பாதைப் படகுக்குக் காத்திருந்தோம் என்றாவது சொல்லலாம், 2009இல் பாலமும் வந்துவிட்டது. இனி என்ன சாட்டு?

இன்னொன்று. கேட்டதையே கேட்பதை வயசு என்று தள்ளிவிடாதீர்கள். தைரொயிட் குறைந்தாலும், விற்றமின் பி12 குறைந்தாலும், மனம் சோர்ந்தாலும் மறதி வரும், இவற்றுக்கெல்லாம் வைத்தியம் உண்டு. வேறு வருத்தமாக இருந்தாலும் நேரத்தோடு தெரிந்துகொள்வது நல்லது. பழைய மருந்துத் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு டொக்டரிடம் கூட்டிப் போங்கள்.

வருகிற சனிக்கிழமை மகளோடு சம்பூருக்குப் போங்கள். நீங்கள் ஸ்பீக்கரில் போடுவதை அந்தப் பிள்ளை தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உங்களுக்கு என்ன தாலாட்டுப் பாடினார் என்று அம்மாவிடம் கேளுங்கள், முழுசாக வராவிட்டாலும் இருந்து கேளுங்கள். புறப்படும்போது "எப்ப வாறாய்" என்பார். கிழமையைச் சொல்லுங்கள்.