கோயில் ரசீதை வைத்துக்கொண்டு பிரான்ஸ் விசா கிடைக்காது

அல்சூர் கோயிலில் திருமணம், கணவர் பிரெஞ்சுக்காரர், அங்கே குடியேறக் கோயில் ரசீது போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாதுங்க. பெங்களூரிலேயே 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்யுங்கள். ஏற்கெனவே நடந்த கல்யாணத்தையும் 15ஆம் பிரிவில் பதியலாம். யாருக்காவது ஆட்சேபம் இருக்கிறதா என்று பார்க்க 30 நாள் நோட்டீஸ் உண்டு, அதனால் அது முடியும் முன் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

அப்புறம் இனிஷியல். நம்மாட்களுக்கு இதுதான் வினை! என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது, சான்றிதழிலோ வெறும் 'கே.' திருத்தி வாங்க மூன்று முறை அலைந்தேன். கையெழுத்துப் போடும் முன் இருவர் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

அதன்பின் கணவர் தம் தூதரகம் வழியாகத் திருமணத்தைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றட்டும். விசா விண்ணப்பம் அதற்கப்புறம்தான்.