'6 ஜிபி' என்று அச்சிட்ட கேபிள்தான் வேண்டுமா?

கேள்வி: மேசைக் கணினியில் ஹார்ட் டிஸ்க்குடன் கூடுதலாக இரண்டரை அங்குல சாட்டா (டிரைவை மதர்போர்டுடன் இணைக்கும் முறை) எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்த இருக்கிறேன். கைவசம் உள்ள பழைய டேட்டா கேபிளில் எந்த எழுத்தும் இல்லை. '6 ஜிபி' என்று அச்சிட்ட கேபிளை வாங்கினால்தான் முழு வேகம் கிடைக்குமா? வாங்குவதானால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: '6 ஜிபி' என்பது இங்கே வினாடிக்கு 6 கிகாபிட் என்ற வேகம். அந்த அச்செழுத்துக்காக மட்டும் புதிய கேபிள் வாங்க வேண்டியதில்லை. 2003-இல் வந்த முதல் தலைமுறை சாட்டா வினாடிக்கு 1.5 கிகாபிட்டும், அடுத்தது 3 கிகாபிட்டும், 2009-இல் வெளியான மூன்றாவது 6 கிகாபிட்டும் கடத்துபவை என்றாலும், மூன்றுக்கும் கேபிளின் அமைப்பு ஒன்றுதான்: ஏழு தொடுமுனைகள், அவற்றில் நான்கு தரவுக்கு, மூன்று கிரவுண்டுக்கு. ஒழுங்காகத் தயாரிக்கப்பட்ட பழைய கேபிள் 6 கிகாபிட்டையும் தாங்கும். மதர்போர்டில் உள்ள போர்ட் 3 கிகாபிட் வகையாக இருந்தால், எவ்வளவு உயர்ந்த கேபிளைச் செருகினாலும் வேகம் கூடாது. ஆகவே முதலில் மதர்போர்டின் கையேட்டைப் பாருங்கள். உறையின் நிறத்துக்கும் வேகத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

புதிதாக வாங்குவதானால் நீளத்தையும் முனையையும் கவனியுங்கள். ஒரு மீட்டர் வரை அனுமதி உண்டு, ஆனால் கேபினெட்டுக்குள் பெரும்பாலும் அரை மீட்டரே போதும். மிகுந்த நீளம் மின்விசிறியில் சிக்கும். குறைந்த நீளம் அதைவிடக் கெடுதல், ஏனெனில் விறைப்பாக இழுபடும் கேபிள், டிரைவின் பக்கம் உள்ள 'எல்' வடிவப் பிளாஸ்டிக் நாக்கின் மீது பாரத்தை ஏற்றுகிறது. அந்த நாக்கு ஒடிந்தால் கேபிளை மாற்றிப் பயனில்லை, சேதம் டிரைவில்தான்.

நேர் முனையா, வளைந்த முனையா என்பதை இடம்தான் தீர்மானிக்கும். பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போர்ட்டுகளை மறைக்கும் இடத்தில் வளைந்த முனை கைகொடுக்கும். டிரைவுகளை அடுக்கி வைத்த இடத்திலோ, அது தவறான பக்கம் திரும்பி அடுத்த டிரைவின் மின் இணைப்பை மறைத்துவிடக்கூடும். சந்தேகம் இருந்தால் நேர் முனையையே எடுங்கள். உலோகக் கிளிப் உள்ள கேபிள் எளிதில் கழன்று வராது. கழற்றும்போது கிளிப்பை அழுத்திய பிறகே இழுக்க வேண்டும், கேபிளைப் பிடித்து இழுக்கக் கூடாது.

கேள்வி: என் ஹார்ட் டிஸ்க்கின் ஸ்மார்ட் பட்டியலில் (டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் பட்டியல்) 199 என்ற அடையாள எண்ணுக்கு எதிரே உள்ள சி.ஆர்.சி. (தரவுச் சரிபார்ப்பு) பிழை எண் கூடிக்கொண்டே போனதால் கேபிளை மாற்றினேன். எண் குறையவே இல்லை. டிஸ்க் பழுதாகிவிட்டதா?

பதில்: அந்த எண் குறையாது. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையிலான வழியில் தரவு சிதைந்து, மறுபடி அனுப்ப நேர்ந்த தடவைகளை அது கூட்டிக்கொண்டே வருகிறது. கேபிள் மாறினாலும் பழைய கணக்கு அழியாது. இன்றைய எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, பெரிய கோப்புகள் சிலவற்றை நகலெடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். எண் அப்படியே நின்றால் கோளாறு பழைய கேபிளில்தான் இருந்தது. மேலும் ஏறினால், புதிய கேபிளின் இரு முனைகளும் முழுதாக அமர்ந்துள்ளனவா என்று பார்த்துவிட்டு, மதர்போர்டில் வேறு போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.