மண்பாதைச் சவாரி: குழந்தை இருக்கை முன்னாலா, பின்னாலா?

கேள்வி: காட்டுப் பாதைகளில் மவுண்டன் பைக் ஓட்டுவது என் நெடுநாள் பழக்கம். எனக்கு மூன்று வயதில் ஒரு மகளும் பதினோரு மாதத்தில் ஒரு மகனும் இருக்கிறார்கள். பின்புறம் பொருத்தும் குழந்தை இருக்கை ஒன்றை வாங்கி, இருவரையும் மாற்றி மாற்றி அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். முன்னால் பொருத்தும் இருக்கையே நல்லது என்கிறார் நண்பர். எதை வாங்கலாம்?

பதில்: மகளைப் பொறுத்தவரை நண்பர் சொல்வதுதான் சரி. மகனை இப்போதைக்கு வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். ஒரு வயது நிறையாத குழந்தையைச் சைக்கிள் இருக்கையில் ஏற்ற வேண்டாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் அறிவுரை. ஹெல்மெட்டின் கனத்தையும் சேர்த்துத் தாங்கும் வலு அந்த வயதுக் கழுத்துக்கு இருப்பதில்லை. முதல் பிறந்தநாள் முடிந்த மறுநாளே மண்பாதைக்குக் கிளம்பலாம் என்றும் இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள்.

பின்னிருக்கை தார்ச்சாலைக்கு ஏற்றது. மண்பாதையில் வேரோ கல்லோ குறுக்கிட்டால் நீங்கள் பெடல்மீது எழுந்து நின்று, முழங்காலை மடக்கி அந்த அதிர்வை வாங்கிக்கொள்வீர்கள். பின்சக்கரத்துக்கு மேலே வாரால் கட்டுண்டு உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அந்த வழி இல்லை, அதிர்வு நேரே முதுகெலும்புக்குப் போகும். செங்குத்தான இறக்கத்தில் சீட்டுக்குப் பின்னால் உடலைத் தள்ளிக்கொள்ள உங்களுக்கும் இடம் இருக்காது. ஏற்றத்திலோ, பின்பாரம் கூடுவதால் முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பப் பார்க்கும்.

முன்னிருக்கை உங்கள் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே, மேற்குழாயை ஒட்டி அமைவது. காலை ஊன்ற இருபுறமும் சிறு படிகள் இருக்கும். கைப்பிடி உங்கள் ஹேண்டில்பாரேதான். பொதுவாக 2 முதல் 5 வயது வரையிலான குழந்தைகளுக்கென்றே இது செய்யப்படுகிறது. ‘மேடு வருகிறது, எழுந்துகொள்’ என்று நீங்கள் இரண்டு மூன்று முறை சொல்லிப் பழக்கினால், நான்காவது மேட்டுக்கு நீங்கள் வாய் திறக்கும் முன்பே மகள் படியில் எழுந்து நின்று முழங்காலை மடக்குவாள். இந்த ஒன்றுக்காகவே நான் முன்னிருக்கையின் பக்கம் நிற்கிறேன்.

ஆனால் இவ்வகை இருக்கைகள் பலவற்றில் முதுகுச் சாய்மானமோ, உடலைக் கட்டும் வாரோ கிடையாது. குழந்தை தன் பிடியாலும் உங்கள் இரு கைகளின் அணைப்பாலும் மட்டுமே உட்கார்ந்திருக்கிறது. எனவே தூக்கம் வந்தால் சவாரி அத்துடன் முடிந்தது. விரல்களின் பிடி தளர்வதும், ஹெல்மெட் உங்கள் மார்பில் வந்து சாய்வதும்தான் அதன் அடையாளம். பெடல் மிதிக்காமல் காற்றை நேராக வாங்குவதால் உங்களுக்கு வியர்க்கும்போதே அவளுக்குக் குளிரும் என்பதையும் மறக்க வேண்டாம். முன்னால் இருப்பவளுக்குத் தூசியும் பூச்சியும் கண்ணில் விழும் என்பதால் ஒரு கண்ணாடியும் தேவை.

வாங்கும் முன் உங்கள் சைக்கிளின் பிரேமைப் பாருங்கள். கார்பன் பிரேமாக இருந்தால், குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் அதை நசுக்கக்கூடும். பிரேமைத் தொடாமல் ஹேண்டில்பார் தண்டிலும் சீட் கம்பியிலும் தாங்கி நிற்கும் வகையும் உண்டு. எந்த வகையானாலும் முழங்காலைச் சற்று அகட்டி மிதிக்க வேண்டியிருக்கும். பழக ஒரு வாரம் போதும்.

ஓடும்போதைவிட நிற்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். குழந்தையை உட்காரவைத்துவிட்டு ஸ்டாண்டை நம்பிக் கையை எடுத்தால் சைக்கிள் சாய்வதற்கு ஒரு நொடி போதும். நீங்கள் இரு காலையும் ஊன்றிச் சைக்கிளை நிறுத்திய பின்புதான் அவள் ஏறவும் வேண்டும், இறங்கவும் வேண்டும்.

மகனுக்கு இரண்டு வயது நிறையும்போது இதே இருக்கை அவனுக்கு வந்துவிடும். அப்போது நான்கைத் தாண்டியிருக்கும் மகள் தன் சின்னச் சைக்கிளில் கூடவே வரலாம். அவளை ஏற்றத்தில் இழுத்துச் செல்ல நெகிழும் கயிறு ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.