அப்பாச்சிக்கு ஒரு படுக்கைப்புண்கூட வரவில்லை

வாசகர் கேள்வி: நான் நெடுந்தீவில் கடற்தொழில் செய்கிறேன். மகளுக்கு 21 வயது. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊரவர்கள் சிலர் சேர்ந்து, தீவிலிருந்து மூன்று பிள்ளைகளை நோயாளர் பராமரிப்புப் பயிற்சிக்கு யாழ்ப்பாணம் ரவுனுக்கு அனுப்பக் காசு தருகிறார்கள். படிப்புச் செலவும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு. முடித்த பிறகு இரண்டு வருடம் தீவிலேயே நின்று, வயோதிபரையும் படுக்கையில் இருப்பவர்களையும் வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தம். பிணைக்கு நான் கையெழுத்து வைக்க வேண்டும். மகளுக்கு நல்ல விருப்பம். ஆனால், "கழுவித் துடைக்கிற வேலைக்குப் பிள்ளையை விட்டால் நாளைக்குப் பேச்சுக்கால் வரும்போது என்ன சொல்வாய்" என்று சொந்தக்காரர் கேட்கிறார்கள். பிரான்சில் இருக்கும் மகனோ, "படிக்கட்டும், முடிந்ததும் அந்தக் காசை நான் கட்டிவிடுகிறேன், தங்கச்சி வெளிநாடு போகலாம்" என்கிறான். பிள்ளை கெட்டிக்காரி. ரவுனில் சின்னம்மா வீட்டில் நின்று பயோ படித்தவள். என் அம்மா பாரிசவாதத்தில் விழுந்தபோது பார்க்க ஆளில்லாமல் அவளைக் கூட்டிவந்தோம், அதனால் ஏ.எல். (உயர்தர) சோதனை எடுக்கவில்லை. 11 மாதம் அவள்தான் பார்த்தாள், அம்மாவுக்கு ஒரு படுக்கைப்புண்கூட வரவில்லை. நான் கையெழுத்து வைக்கலாமா?

பதில்:

தம்பி, நான் உங்களைவிட மூத்தவளாகத்தான் இருப்பேன், அப்படியே கூப்பிடுகிறேன். சொந்தக்காரர் சொன்னது, மகன் சொன்னது, ஒப்பந்தம் எல்லாவற்றையும் விளக்கமாக எழுதிவிட்டு, முடிக்கிற இடத்தில் ஒரு சங்கதியைப் போகிறபோக்கில் போட்டிருக்கிறீர்கள். சோதனை எடுக்கவில்லை, 11 மாதம் பார்த்தாள், ஒரு படுக்கைப்புண்கூட வரவில்லை. மற்றதெல்லாம் இருக்கட்டும். முதலில் இதைக் கதைப்போம்.

படுக்கைப்புண் தானாக வராமல் விடாது. பாரிசவாதம் வந்தவருக்கு ஒரு பக்கம் அசையாது. உடம்பின் பாரமெல்லாம் நாரியிலும் இடுப்பெலும்பிலும் குதிக்காலிலும் இறங்கி, அந்த இடத்துக்கு இரத்தம் போகாமல் அமத்திவிடும். முதலில் தெரிவது ஒரு சிவப்பு மட்டும்தான். விரலால் அமத்திப் பார்த்தால் வெளிறாமல் அப்படியே நிற்கும். கறுத்த தோலில் அதுவும் வடிவாகத் தெரியாது, தொட்டுப் பார்த்துத்தான் பிடிக்கவேண்டும். அன்றைக்குக் கவனிக்காமல் விட்டால் தோல் உரியும், அப்புறம் குழி விழும், கடைசியில் எலும்பு தெரியும். இதைத் தடுக்க ஆளை ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டவேண்டும். சாமத்திலும்தான். விரிப்பில் சுருக்கு இருக்கக்கூடாது, ஈரம் நிற்கக்கூடாது. சாப்பாடு கொடுக்கும்போது நிமிர்த்தி இருத்தவேண்டும், கொடுத்த கையோடு படுக்க விடக்கூடாது, இல்லாவிட்டால் நெஞ்சுக்குள் போய்ச் சளி கட்டிவிடும்.

நாளுக்கு 12 தரம் என்று வையுங்கள். 11 மாதத்துக்குக் கணக்குப் பாருங்கள். உங்கள் மகள் உங்கள் தாயைக் கிட்டத்தட்ட 4000 தரம் புரட்டிப் படுக்க வைத்திருக்கிறாள். பத்தொன்பது இருபது வயதில், கூடப் படித்தவர்கள் சோதனை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில்.

அப்போது "கழுவித் துடைக்கிற வேலை" என்று சொந்தக்காரர் யாராவது வந்து சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். கிழவி கொடுத்து வைத்தவள், பேத்தி தாங்கித் தாங்கிப் பார்க்கிறாள் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். அதே கை, அதே வேலை. சான்றிதழும் சம்பளமும் சேரப்போகிறது என்றதும் அது குறைவாகப் போய்விட்டதா? எனக்குக் கோபம் வருகிறது, தம்பி.

தாய் தகப்பனைக் கடைசிவரை பார்ப்பது பிள்ளைகளின் கடமை. நான் பழைய ஆள், அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் அவ உங்கள் தாய். கடமை உங்களுடையது, உங்கள் சகோதரங்களுடையது. நீங்கள் கடலுக்குப் போகவேண்டும், சரி, விளங்குகிறது. மற்றவர்கள் எங்கே? காசு போட்டு ஒரு ஆளை வைத்திருக்கலாம், முறை போட்டுப் பார்த்திருக்கலாம். யாருக்கும் வசதிப்படவில்லை, ஆகவே படித்துக்கொண்டிருந்த பிள்ளையின் புத்தகத்தை மூடினீர்கள். இந்தக் கதையை எத்தனையோ கடிதத்தில் வாசித்துவிட்டேன், ஒரு வீட்டிலும் கூட்டிவரப்பட்டவன் ஆண்பிள்ளையாக இருந்ததில்லை.

அந்த ஒரு வருடம் எவ்வளவு பெரியது என்று தெரியுமா? அரசாங்கத் தாதியர் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே பொதுவாக ஏ.எல். விஞ்ஞானப் பாடங்களில் சித்தி கேட்பார்கள். பயோ படித்த பிள்ளை அந்த வாசலில் நின்றவள். அங்கே இருந்து அவளைத் திருப்பிக் கூட்டிவந்தது நீங்கள். இப்போது யாரோ ஊரவர்கள் பக்கத்தில் இன்னொரு வாசலைத் திறந்துவிட்டிருக்கிறார்கள், அதிலும் நின்று யோசிக்கிறீர்கள்.

அடுத்தது உங்கள் மகன் சொல்வது. காசைக் கட்டிவிட்டுத் தங்கச்சி போகட்டும் என்கிறார். அவர் அன்பில்தான் சொல்கிறார். ஆனால் ஊரவர்கள் கேட்டது காசு திரும்பி வருவதையா? குறிகட்டுவான் இறங்குதுறையில் இருந்து உங்கள் தீவுக்குப் படகில் ஒரு மணித்தியாலம். காற்றுக் காலத்தில் அதுவும் நிச்சயமில்லை. தீவில் ஆஸ்பத்திரி இருக்கிறது, ஆனால் பெரிய வருத்தம் என்றால் கடல் தாண்டித்தான் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு வரவேண்டும். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, தனியே படுத்திருக்கும் கிழவியை யார் புரட்டுவது? அதற்குத்தான் அந்தக் காசு. மூன்று பேருக்குத்தான் இடம். முடித்ததும் போகிற எண்ணத்தோடு உங்கள் மகள் ஒரு இடத்தை எடுத்தால், நிற்கக்கூடிய இன்னொரு பிள்ளையின் இடம் அது.

ஊர்ப்பிள்ளைகளைப் படிப்பித்து ஊரிலேயே நிற்க வைப்பது புது யோசனையும் இல்லை. மானிப்பாயில் 1848 இல் இருந்து வைத்தியம் செய்த அமெரிக்க மிஷன் டொக்டர் கிறீன், ஆங்கிலத்தில் படித்த மாணவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடிப் போய்விடுவதைக் கண்டுதான், 1860களில் தமிழிலேயே மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கினார். ஊரிலேயே தங்குவார்கள் என்று. உலக சுகாதார நிறுவனம் 2010 இலும் பிறகு 2021 இலும் வெளியிட்ட வழிகாட்டலிலும் இதே பேச்சுத்தான்: ஆளில்லாத இடத்துக்கு அந்த இடத்துப் பிள்ளைகளையே எடுங்கள், உதவித்தொகை கொடுத்துப் படிப்பியுங்கள், திரும்பி வந்து வேலை செய்ய ஒப்பந்தம் போடுங்கள்.

ஆகவே கையெழுத்து வையுங்கள். ஆனால் வாசிக்காமல் வைக்காதீர்கள், ஊரவர்கள்தானே என்று கண்ணை மூடிக்கொண்டும் வைக்காதீர்கள். பயிற்சி நிலையம் மூன்றாம் நிலைக் கல்வி, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதியப்பட்டதா, அந்தப் பாடநெறிக்கு என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் கிடைக்குமா என்று நேரே கேளுங்கள். கடைத்தெருவில் ஆறு மாதத்தில் அடித்துக் கொடுக்கும் கடதாசிக்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். என்.வி.கியூ. 4 எடுத்தால் 5, 6 என்று டிப்ளோமா மட்டத்துக்குப் படிக்க வழியிருக்கிறது.

அந்த இரண்டு வருடத்துக்குச் சம்பளம் எவ்வளவு, யார் தருவது என்று எழுத்தில் வேண்டும். சேவை என்ற பேரில் சம்பளமில்லாமல் வேலை வாங்கினால் அது இன்னொரு 11 மாதம்தான், அதற்கு விடாதீர்கள். படகுக் காசு, சீருடை யார் பொறுப்பு? இடையில் கலியாணம் வந்தால், வருத்தம் வந்தால், பிள்ளை பிறந்தால் என்ன செய்வார்கள்? பயிற்சி நிலையம் பாதியில் மூடினால் பிணை உங்கள் தலையில் விழுமா? மூலச் சான்றிதழை அவர்கள் கையில் கொடுக்கவேண்டாம், பிரதி போதும்.

இன்னொன்று, இதை ஒருவரும் எழுதி வைக்கமாட்டார்கள், நீங்கள்தான் கேட்டு வாங்கவேண்டும். வீடு வீடாகப் போகிற பிள்ளை. முதல் மாதங்களிலாவது இரண்டு பேராகப் போகவேண்டும். இரவில் கூப்பிட்டால் தனியே போகக்கூடாது. ஊசி போடு, மருந்தைக் கூடுதலாகக் கொடு என்று வீட்டுக்காரர் சொன்னால் முடியாது என்று சொல்ல அவளுக்குத் தைரியம் வேண்டும், பின்னால் நின்று பதில் சொல்ல ஒரு தாதியோ டொக்டரோ வேண்டும். அந்த ஆள் யார் என்று பெயரோடு கேளுங்கள்.

பேச்சுக்கால் வரும்போது என்ன சொல்வது என்றீர்கள். மகள் நோயாளரைப் பராமரிக்கிறாள், சொந்தக் காலில் நிற்கிறாள் என்று சொல்லுங்கள். அதைக் கேட்டு முகம் சுளிக்கிற வீடு, நாளைக்குத் தங்கள் வீட்டுக் கிழவி விழுந்தால் அவளைத்தான் புரட்டச் சொல்லும், சம்பளமும் கொடுக்காது. அங்கே பிள்ளையைக் கொடுக்கவேண்டாம்.

மகனோடு கதைக்கும்போது ஒன்று சொல்லுங்கள். அவர் கட்டுவதாகச் சொன்ன காசை வைத்திருக்கட்டும். தங்கச்சி பயிற்சி முடித்துத் தீவுக்கு வந்த பிறகு, தனிப்பட்ட பரீட்சார்த்தியாக ஏ.எல். எடுக்க விரும்பினால் புத்தகத்துக்கும் ரியூசனுக்கும் அனுப்பட்டும். உங்கள் பங்குக்கு அந்த இரண்டு வருடமும் வீட்டில் ஒரு மேசையும் ஒரு லைட்டும் அவளுக்கென்று இருக்கவேண்டும். வேலை முடிந்து பின்னேரம் வருகிறவளை அடுப்படிக்குக் கூப்பிடாதீர்கள், சமையலை வேறு ஆள் பார்க்கட்டும்.